நொய்யலுக்குக் கையில் இரண்டரைக் கோடி இருந்தால் எதற்குக் கொடுப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். திருப்பூரில் உங்கள் அறக்கட்டளைக்குச் சில நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். பணமாக, அதாவது சமூகப் பொறுப்புக்கென்று அவை ஒதுக்கும் பணமாக, இரண்டரைக் கோடி ரூபாய் வந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் அதை நொய்யல் ஆற்றுக்குச் செலவிட வேண்டும். ஏழு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன: இயந்திரம் வைத்து ஆகாயத்தாமரை அகற்றுவது, கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைப்பது, ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் சிறிய சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது, கரை நெடுக மரம் நடுவது, நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றுவது, வாய்க்காலைத் தூர்வாரிக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உப்பேறிய நிலங்களைச் சீர்செய்வது. இதில் எது நல்ல திட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: "எல்லாமே நல்லதாகத் தெரிகிறது, யாரிடமும் இல்லை என்று சொல்ல முடியவில்லை." அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது ஏழையும் ஒரே தராசில் வைக்க ஒரு வழி. அதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இருபத்தாறு ஆண்டுகளாக நீர்த்தரம் சார்ந்த வேலையில் இருக்கிறேன். முதல் சில ஆண்டுகள் ஓடை ஓடையாகப் போய் மாதிரி எடுக்கும் வேலை. அப்புறம் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைப்பதும், கட்டியதை ஓடவைப்பதும். உங்களைப் போலவே விண்ணப்பங்களை எடைபோடும் குழுவில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை தவறான திட்டத்துக்குக் கையெழுத்தும் போட்டேன், அதையும் கீழே சொல்கிறேன். உங்களிடம் வந்த விண்ணப்பங்களை நான் படித்ததில்லை. அதனால் இந்தப் பதில் எந்த ஒரு விண்ணப்பதாரர் மீதும் தீர்ப்பு ஆகாது.

முதல் கேள்வி, ஆற்றில் இருப்பது எந்த அழுக்கு என்பது. நொய்யலில் முக்கியமாக இரண்டு இருக்கின்றன. இரண்டும் ஒரே தண்ணீரில் கலந்து வருவதால் பலரும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். வெள்ளியங்கிரி மலையடிவாரத்திலிருந்து சித்திரைச்சாவடி அணைக்கட்டு வரை ஆறு ஓரளவு ஆறாகவே வருகிறது. கோவைக்குள் நுழைந்ததும் சாக்கடை சேர்கிறது. திருப்பூரில் மேலும் சாக்கடை, அதோடு சாயப்பட்டறைத் தண்ணீர். சாக்கடையில் இருப்பது பெரும்பாலும் மக்கக்கூடிய பொருள். அது மக்கத் தேவைப்படும் ஆக்சிஜனை வைத்து அதை அளப்பதுதான் பி.ஓ.டி. காற்றும் நேரமும் கொடுத்தால் பாக்டீரியா அதைத் தின்று தீர்த்துவிடும். சாயத் தண்ணீரின் கதை வேறு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டும் என்றால் குளியலில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிகிறது. அது துணியில் தங்காது, போட்டது கிட்டத்தட்ட அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. கோரையோ கல்வாழையோ கணக்கில் வரும் அளவுக்கு உறிஞ்சாது. தண்ணீரிலிருந்து அதைப் பிரிக்க, அழுத்தம் கொடுத்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வு வேண்டும், அதில் மிஞ்சும் செறிந்த உப்புநீரைக் காய்ச்ச ஆவியாக்கி வேண்டும். வெளியே விட்டுவிட்டால் அது ஆற்றில், மண்ணில், கிணற்றில் எங்கேயாவது இருந்துகொண்டே இருக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. 2004 வாக்கில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். 1992ல் பாசனத்துக்கென்று திறந்த அணை அது. அதே ஆண்டுகளில் திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகின. பாசன நீருக்குப் பதில் சாயத் தண்ணீர் வந்து தேங்கியது. தோட்டத்து அம்மா ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே, "கரிக்குதுங்களா தம்பி? எங்களுக்குப் பழகிப்போச்சுங்க, மாட்டுக்குத்தான் பழகமாட்டேங்குது" என்றார். தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் நிறைந்திருந்தது. மாடு மூக்கை வைத்து மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தென்னை ஓலைகளின் நுனி எல்லாம் பழுப்பேறிக் கருகியிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் மண்மேல் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தால் உப்பு. அன்றிலிருந்து யாராவது "ஆற்றைச் சுத்தப்படுத்துகிறோம்" என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதைச் சுத்தப்படுத்துகிறீர்கள், சாக்கடையையா உப்பையா?" என்பதுதான். உங்கள் ஏழு பேரிடமும் இதையே கேளுங்கள். பதிலில் இரண்டையும் குழப்பினால் அந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பி மறுபடி எழுதச் சொல்வதில் தவறில்லை.

அடுத்த கேள்வி, எத்தனை கிலோ என்பது. தராசு என்று சொன்னேனே, அது இதுதான். தண்ணீர் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு நாற்றம் என்று பார்த்து ஓடையைத் தேர்ந்தெடுப்பது மனிதர்களின் இயல்பு. அதில் ஏமாந்துபோவோம். ஒரு ஓடையில் நாளைக்கு 20 லட்சம் லிட்டர் வருகிறது, பி.ஓ.டி. லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் நாளைக்கு 400 கிலோ. பக்கத்து ஓடையில் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை, 60 மில்லிகிராம்தான், ஆனால் 1.5 கோடி லிட்டர் வருகிறது. கணக்கு 900 கிலோ. ஆற்றை அதிகம் கெடுப்பது இரண்டாவது ஓடை. முதல் ஓடைப் பக்கம்தான் புகார் மனுவும் பத்திரிகைப் படமும் வரும். உப்புக்கும் இதே கணக்குதான். லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீர் நாளைக்கு வெறும் 10 லட்சம் லிட்டர் வந்தால்கூட ஆற்றில் தினமும் 6 டன் உப்பு இறங்குகிறது என்று அர்த்தம்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓடை ஓரளவு நேராக ஓடும் இடத்தில் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை நடு ஓட்டத்தில் போட்டு, இரண்டாவது குச்சியைத் தாண்ட எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். நாற்பது நொடி என்றால் வேகம் நொடிக்கு 0.25 மீட்டர். ஓடை 3 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம் என்றால் மூன்றையும் பெருக்குங்கள். மேல்மட்டத்தில் ஓட்டம் வேகமாக இருக்கும் என்பதால் 0.85ஆல் மறுபடி பெருக்குங்கள். நாளைக்குச் சுமார் 1.1 கோடி லிட்டர் வரும். ஐந்து முறை போட்டுச் சராசரி எடுத்தால் முடிவெடுக்கப் போதுமான கணக்கு கையில் இருக்கும். தண்ணீர் மாதிரியை மட்டும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

எந்த நேரத்தில் மாதிரி எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒரே ஓடையில் காலை பதினொரு மணிக்கு நான் அளந்தபோது உப்பு லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் காட்டியது. சந்தேகப்பட்டு மறுநாள் விடியற்காலை நாலரைக்குப் போனேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக, கல்லில் மோதும் இடத்தில் நுரையோடு வந்தது, மீட்டர் 5,000க்கு மேலே போனது. மழை நாளில் இன்னும் சுலபமாகத் திறந்துவிடுவார்கள், வெள்ளத்தோடு வெள்ளமாகப் போய்விடும். எனவே விண்ணப்பத்தில் "நீர்த்தர ஆய்வு இணைக்கப்பட்டுள்ளது" என்று இருந்தால், தேதியையும் நேரத்தையும் பாருங்கள். ஒரே ஒரு பகல் நேர மாதிரியை நம்பிக் கோடி ரூபாய் கொடுக்கக் கூடாது.

சரி, இந்தத் தராசில் ஏழையும் வைத்துப் பார்ப்போம். நுண்ணுயிர்க் கரைசலில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாக்கடையில் நுண்ணுயிருக்கு ஒரு நாளும் பஞ்சமில்லை. பஞ்சம் ஆக்சிஜனுக்குத்தான். தேங்கிய குட்டையில் கொஞ்ச நாள் நாற்றம் குறையலாம். ஓடுகிற ஆற்றில் ஊற்றினால் ஊற்றியது ஓடிவிடும். இதற்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

ஆகாயத்தாமரை சாக்கடைச் சத்தில் வளர்கிற செடி. நல்ல வெயிலும் சத்தும் இருந்தால் இரண்டு வாரத்திலேயே இரண்டு மடங்காகும். சத்து வரும் வழியை அடைக்காமல் செடியை எடுத்தால் அடுத்த ஆண்டு அதே விண்ணப்பம் மறுபடி உங்கள் மேசைக்கு வரும். இயந்திரம் வாங்கித் தரச் சொல்வார்கள், அப்புறம் டீசலுக்குக் கேட்பார்கள். மழைக்கு முன்னால் பாலத்தையும் மதகையும் அடைத்துக்கொண்டிருக்கும் செடியை எடுப்பது தேவையான வேலைதான். ஆனால் அது உள்ளாட்சியின் ஆண்டுச் செலவில் வர வேண்டியது. ஒருவேளை கொடுத்தால், எடுத்த செடியைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். கரையில் அழுகினால் சத்து மறுபடி ஆற்றுக்கே போய்விடும்.

நடைபாதையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் அதற்குத்தான் ஆதரவு அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள், காரணமும் புரிகிறது. திறப்பு விழா நடத்தலாம், பெயர்ப் பலகை வைக்கலாம், மக்கள் மாலையில் வந்து நடப்பார்கள். மக்கள் ஆற்றுப் பக்கம் முகம் திருப்புவது நல்ல விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் காட்டும் முன்மாதிரிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சியோலில் 2005ல் திறந்த சோங்யேசோன் ஓடை 5.8 கிலோமீட்டர் நீளம். அதில் ஓடுவதில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றும் தண்ணீர். அகமதாபாத்தில் சபர்மதிக் கரை அழகாக இருப்பது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர் வந்து நிற்பதால். நகரத்தைத் தாண்டி வாஸ்ணா தடுப்பணைக்குக் கீழே போனால் வேறு ஆறு தெரியும். நொய்யலுக்குக் கொண்டுவந்து விட அப்படி ஒரு வெளித் தண்ணீர் இல்லை. கோடையில் திருப்பூரில் ஆற்றில் ஓடுவது கழிவுநீர் மட்டும்தான். அதன் ஓரமாகக் கல் பதித்தால் நாற்றத்தின் நடுவே நடக்க ஒரு பாதை கிடைக்கும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இப்படிப்பட்ட வேலைகளில் கரையை நேராக்கிச் சுவர் எழுப்புவார்கள். ஆறு அகலமாகப் பரவும் இடம் போய்விடும். வடகிழக்குப் பருவமழையில் அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் தாழ்வான தெருக்களுக்குப் போகும். இந்தப் பணத்தில் இந்த மூன்று ஆண்டில் இது வேண்டாம் என்பது என் கருத்து.

மரம் நடுவதில் எனக்கு விரோதம் இல்லை. நிழலும் கரைக்குப் பிடிப்பும் நிச்சயம் கிடைக்கும். ஆற்றுத் தண்ணீர் சுத்தமாகும் என்பதுதான் சந்தேகம், ஏனென்றால் அழுக்கு வருவது குழாயிலும் ஓடையிலும். அது மரத்தின் வேர் வழியாக வருவதில்லை. கொடுப்பதானால் நட்ட கன்றுக்குக் கொடுக்காமல், மூன்றாம் கோடையில் உயிரோடு நிற்கும் மரத்துக்குக் கொடுங்கள். நொய்யல் கரைக்கு நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை போன்றவை சரி. கன்று வைக்கும் முன் அந்த இடத்து மண்ணின் உப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ஓடை முகத்தில் சுத்திகரிப்பு நிலையம். கிலோ கணக்கில் பார்த்தால் ஏழில் இதுதான் முதலில் வரும், சாக்கடை ஓடை என்றால். நான் தவறு செய்ததும் இந்த வகைத் திட்டத்தில்தான். வேறொரு நதிக்கரை ஊரில், நாங்கள் கொடுத்த பணத்தில் ஒரு நிலையம் கட்டினார்கள். கட்டடம் அருமையாக இருந்தது. முதல் ஆண்டு நன்றாக ஓடியது. உள்ளே கறுப்பாக வந்த தண்ணீர் வெளியே கண்ணாடிபோலப் போனது. நானே புகைப்படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். இரண்டாம் ஆண்டில் மின் கட்டணத்தை யார் கட்டுவது என்று தகராறு வந்தது. முதலில் இரவில் காற்றூதியை நிறுத்தினார்கள். ஆக்சிஜன் இல்லாமல் சில நாளில் நுண்ணுயிர் செத்துவிட்டது. அப்புறம் மோட்டார் பழுதாகி, கழற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. நான்காம் ஆண்டு போனபோது தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கி, அதில் ஆகாயத்தாமரை பூத்திருந்தது. விண்ணப்பத்தில் "பராமரிப்பு: உள்ளாட்சி அமைப்பு" என்று ஒரு வரி இருந்தது. அந்த அமைப்பின் தீர்மான நகலைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதனால் இப்போது நான் கேட்பவை இவை. பத்து ஆண்டுக்கான மின்சாரம், ஆள், உதிரிபாகம், கசடு அள்ளும் செலவு எல்லாம் சேர்த்து எவ்வளவு? அதில் யார் எந்தக் கணக்குத் தலைப்பில் கட்டுவார்கள்? தீர்மானம் எங்கே? நிலம் யார் பெயரில் இருக்கிறது? இந்தச் செலவையும் கட்டும் செலவையும் கூட்டி, பத்து ஆண்டில் நீங்கும் கிலோவால் வகுத்து, ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். கட்ட மலிவான இயந்திர நிலையம் இந்தக் கணக்கில் பல சமயம் தோற்றுவிடும். கட்ட இடம் அதிகம் கேட்டாலும், மின்சாரம் அதிகம் தின்னாத செடிப் படுகை வகை ஜெயிக்கும். சரளைப் படுகையில் கோரையும் நாணலும் வளர்த்து அதன் வழியாகச் சாக்கடையை மெதுவாக விடுவது அது. ஆளுக்குச் சில சதுர மீட்டர் இடம் வேண்டும், நகர நடுவில் அதுதான் சிக்கல். உங்கள் விண்ணப்பத்தில் சொல்லும் ஓடையில் சாயத் தண்ணீரும் கலக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்யுங்கள். கலந்தால் செடிப் படுகையாலும் உப்பு நீங்காது, மற்ற எந்தச் சாக்கடை நிலையத்தாலும் நீங்காது. பாக்டீரியாவும் அடிபடும்.

வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றி இங்கே எல்லோருக்கும் ஒரு பாசம் உண்டு. நொய்யலின் அணைக்கட்டுகளும் ராஜவாய்க்கால்களும் சங்கிலிபோலக் கோர்த்த குளங்களும் நம் முன்னோர் விட்டுப்போன பெரிய சொத்து, எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் சாக்கடை விழுகிற வாய்க்காலைத் தூர்வாரினால் சாக்கடை முன்பைவிட வேகமாகக் குளத்துக்குப் போய்ச் சேரும். கோவையின் குளங்களில் பலவும் ஆண்டு முழுவதும் நிறைந்திருப்பது சாக்கடையால்தான். எனவே வரிசை முக்கியம்: வாய்க்காலில் விழும் குழாய்களை எண்ணி, அவற்றைத் திருப்பிவிட்ட பிறகு தூர். நகரத்துக்கு மேலே, தண்ணீர் இன்னும் நன்றாக இருக்கும் பகுதியில் இருக்கும் வாய்க்கால் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அங்கே குளம் நிறைந்தால் கிணறு ஊறும். அந்த ஊற்று எவ்வளவு தூரம், எத்தனை மாதம் கழித்து ஆற்றுக்கு வரும் என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை, அதனால் "ஆற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும்" என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். இன்னொன்று, நகரத்துக்குக் கீழே எடுக்கும் வண்டலை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் முன் குரோமியம் போன்ற உலோகங்களுக்குச் சோதிக்க வேண்டும். நல்லது செய்வதாக நினைத்து நல்ல வயலைக் கெடுத்துவிடக் கூடாது.

ஏழாவது, உப்பேறிய நிலம். இதை உங்கள் குழு பட்டியலின் கடைசியில் வைத்திருக்கிறது, "இது விவசாயத் திட்டம், நதித் திட்டம் இல்லை" என்று காரணம் சொல்லி. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகள் 1947 முதல் 1977 வரை பி.சி.பி. வேதிப்பொருளைக் கலந்தன. அங்கே சட்டம் இரண்டு பணத்தைப் பிரித்து வைக்கிறது. அழுக்கை எடுக்கும் செலவு ஒன்று. கெட்டுப்போனதை ஈடுசெய்யும் செலவு இன்னொன்று. இரண்டாவது பணத்தில் திட்டம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது, இழப்புக்கும் இந்தத் திட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதைத்தான். நம்மிடமும் அந்த எண்ணம் இருக்கிறது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே இழப்பீடும் தர வேண்டும், சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையமும் அமைந்தது. நொய்யலில் யாருக்கு இழப்பு என்று கேட்டால், அணைக்குக் கீழே இருக்கும் அந்தத் தோட்டக்காரர்களுக்குத்தான் முதலில். அவர்களை நதித் திட்டத்துக்கு வெளியே வைப்பது நியாயமாகப் படவில்லை.

ஆனாலும் எல்லா நிலத்துக்கும் கொடுத்துப் பயனில்லை. சோடியம் ஏறிய மண் இறுகிவிடும், தண்ணீர் இறங்காது. ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். விடுபட்ட சோடியத்தை நல்ல தண்ணீர் கழுவிக் கீழே கொண்டுபோக வேண்டும், அது வெளியேற வடிகாலும் வேண்டும். கிணற்றிலேயே இன்னும் உப்புத் தண்ணீர் இருந்தால், ஜிப்சம் போட்டுவிட்டு மறுபடி உப்பையே பாய்ச்சுவதாகிவிடும். ஆகவே கிணறு கிணறாகத் தண்ணீரின் மின்கடத்துத்திறன் பாருங்கள், உப்பு கூடினால் அதுவும் கூடும். பாசனத்துக்கு மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே என்றால் கவலையில்லை, 3க்கு மேலே என்றால் மோசம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கிணறு தேறிவரும் ஊர்களில் மட்டும் தொடங்குங்கள். மண் பரிசோதனையில் சோடியம் அதிகம் இல்லை, வெறும் உப்புதான் என்று வந்தால் ஜிப்சமே வேண்டாம், மழைநீரை வரப்பு கட்டி நிறுத்திக் கழுவினாலே போதும். அப்படிப்பட்ட நிலத்துக்கும் மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கப் பணம் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. சாய ஆலைகளின் கழிவுநீரை நிறுத்துவதற்கு உங்கள் பணத்தில் ஒரு ரூபாயும் போகக் கூடாது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதித்தது. 2009ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாமல் தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறைக்கு வந்த பிறகே திறக்கவிட்டார்கள். திருப்பூர் அதைச் செய்து காட்டியது, அதில் பெருமைப்படலாம். எந்தக் குழாயாவது இன்னும் ராத்திரியில் திறக்கிறது என்றால் அது சட்டத்தை அமல்படுத்த வேண்டிய விஷயம், கொடையால் தீர்க்க வேண்டிய விஷயம் ஆகாது. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படியும் ஒரு நிறுவனம் தன் தொழிலை நடத்தச் செய்யும் செலவை சி.எஸ்.ஆர். என்று காட்ட முடியாது. ஏழில் ஏதாவது ஒரு விண்ணப்பம் சுற்றிவளைத்து ஆலைக் கழிவைச் சுத்தம் செய்யும் செலவை உங்கள் தலையில் கட்டுகிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

எதில் உறுதியாக இருக்கிறேன், எதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிலோ கணக்கு, உப்பு மக்காது என்பது, பராமரிப்புப் பணம் இல்லாத நிலையம் செத்துவிடும் என்பது, இந்த மூன்றிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. சாக்கடையை நிறுத்தினால் ஆற்றில் உயிர் திரும்பும் என்பதும் உறுதி. 1957ல் உயிரற்றது என்று அறிவிக்கப்பட்ட தேம்ஸில், கழிவுநீர் நிலையங்களைப் பெரிதாக்கிய பிறகுதான் மீன்கள் வந்தன. ஆனால் தேம்ஸில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறது, நொய்யல் மழையை நம்பிய ஆறு. நிலத்தடியில் இறங்கிய உப்பு எத்தனை மழைக்காலத்தில் கழுவிப் போகும் என்பது ஊருக்கு ஊர், பாறைக்குப் பாறை மாறும். யாராவது ஆண்டு குறித்து வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தை இப்படிப் பிரிப்பேன், இது முழுக்க என் சொந்தக் கருத்து. முதல் ஆறு மாதம் யாருக்கும் கட்டடப் பணம் கொடுக்க மாட்டேன். பத்து லட்சத்துக்குள் செலவு செய்து, நல்லாறு, ஜம்மனை ஓடை உட்பட ஊருக்குள் ஆற்றில் சேரும் ஒவ்வொரு ஓடையையும் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பிறகு ஒரு முறையும், பகலிலும் விடியற்காலையிலும் அளப்பேன். அந்தப் பட்டியலில் சாக்கடைச் சுமை அதிகமாகவும் உப்பு குறைவாகவும் இருக்கும் ஓடை ஒன்றுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி ஒதுக்குவேன். அதில் பாதியைக் கட்டவும், மீதியை வங்கியில் வைப்பாகப் போட்டு வட்டியோடு ஓடவைக்கவும். சி.எஸ்.ஆர். விதிப்படி மூன்று ஆண்டுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்க முடியுமா என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். முடியாது என்றால் பராமரிப்பை உள்ளாட்சியோடு ஒப்பந்தமாகவே போட வேண்டும், ஒப்பந்தம் வராவிட்டால் நிலையமும் வேண்டாம். சுமார் அறுபது லட்சத்தை, கிணறு தேறியிருக்கும் இரண்டு மூன்று ஊர்களின் நிலத்துக்குக் கொடுப்பேன். மிச்சத்தை நகரத்துக்கு மேலே சாக்கடை சேராத ஒரு வாய்க்காலுக்கு.

இல்லை என்று சொல்ல வேண்டிய நான்கு பேருக்கும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்: இந்த ஓடை, இத்தனை கிலோ, ஒரு கிலோவுக்கு இத்தனை ரூபாய், உங்கள் திட்டத்தில் இந்த எண் இல்லை என்று. நான் குழுவில் இருந்தபோது அப்படி எழுத்தில் காரணம் பெற்ற ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். எட்டு மாதம் கழித்து இரண்டு ஓடைகளை அளந்த நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தார், அந்த முறை அவருக்குத்தான் கொடுத்தோம். தேர்ந்தெடுத்தவர்களுக்கும் பணத்தை ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். கடைசிக் கால்பங்கை மூன்றாம் கோடையின் விடியற்காலை மாதிரி வரும் வரை வைத்திருங்கள். மாதிரி எடுக்கும் ஆள் விண்ணப்பதாரரின் ஆளாக இருக்கக் கூடாது. பாட்டிலும் பனிக்கட்டிப் பெட்டியும் உங்கள் அலுவலகத்திலிருந்து போகட்டும்.